பழமலை தேசத்திலிருந்து பக்கத்து மலைகளுக்கு

விருத்தாசலத்துக்குத் திருமுதுகுன்றம் என்று ஒரு பழைய பெயர் உண்டு. அங்கே கோயில் கொண்டிருப்பவர் பழமலைநாதர். பெயரெல்லாம் மலைதான். ஆனால் கோபுர வாசலில் நின்று நான்கு திசையும் பார்த்தாலும் ஒரு குன்றுகூடக் கண்ணில் படாது. உலகத்து மலைகளுக்கெல்லாம் முன்னே தோன்றிய மலை இந்த இடத்தில்தான் இருந்தது என்கிறது தலபுராணம்.

அங்கிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் நெய்வேலி வந்துவிடும். இங்கே மலை போன்ற ஒன்று கண்ணுக்குத் தெரியும். சுரங்கத்தின் ஓரமாக, செம்மண்ணும் வெளுத்த களிமண்ணும் கலந்து, தட்டையான உச்சியோடு நீண்டு கிடக்கும் மண்மேடுகள். 1957-ல் இங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். 1961-ல்தான் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிச்சம் பார்த்தது. ஒரு டன் கரி எடுக்க ஐந்து, ஆறு கன மீட்டர் மேல்மண்ணை முதலில் அகற்றியாக வேண்டும். பக்கெட் வீல் இயந்திரம் அதை வாரி கன்வேயரில் போடும்; கன்வேயர் கொண்டுபோய் ஸ்ப்ரெட்டரில் சேர்க்கும்; ஸ்ப்ரெட்டர் கொட்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஷிப்ட் ஷிப்டாகக் கொட்டியதில் எழுந்தவை இந்த மேடுகள். பல கிராமங்கள் தங்கள் வீட்டையும் கொல்லையையும் விட்டுக் கொடுத்த நிலத்தின் மண் அது.

அந்த மண் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் விஷயம் இன்னும் ஆழமாகிறது. கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் பெயரிட்டிருக்கும் படிவம் அது. மேற்கே இருந்த பாறை நிலத்தை மழையும் வெயிலும் அரித்துப் பொடியாக்க, ஆறுகள் அதை இழுத்துவந்து கடற்கரை ஓரத்தில் படியவைத்தன. அந்த வண்டல் மூடிக்கொண்டதால்தான் பழங்காலத்துச் சதுப்புக் காடு அடியில் கரியாகி நின்றது. மேற்கே சேலம் பக்கத்து மலைகளில் இருக்கும் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நெய்வேலி மேட்டில் கையளவு மணல் அள்ளினால், அதில் ஒரு துணுக்காவது என்றோ மேற்கே நிமிர்ந்து நின்ற மலையின் உடம்பாக இருந்திருக்கும். பழமலை இங்கேதான் இருக்கிறது என்று விருத்தாசலத்துப் பெரியவர்கள் சொன்னால், அதை மறுத்துப் பேச மனம் வராது.

இருந்தாலும் மண்மேட்டைப் பார்த்து மனம் ஆறிவிடாது. சமவெளிக்காரருக்கு மலை என்றால் ஏக்கம். நெய்வேலி டவுன்ஷிப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பரீட்சை முடிகிற நாள் நெருங்கும்போதே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும்: ஊட்டியா, கொடைக்கானலா? மே மாதத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது தமிழ்நாடே இந்த இரண்டு ஊருக்கும் வண்டியைத் திருப்புகிறது. அதன் விளைவு ஊரறிந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று எண்ணிக்கையே கட்டிவிட்டார்கள். பன்னிரண்டு மாதமும் நிற்கிற மலையை ஒரே மாதத்தில் பார்த்துத் தீர்க்க நினைத்தால் மலை தாங்காது, போகிறவருக்கும் வண்டியின் பின்பக்கம்தான் காட்சியாகக் கிடைக்கும்.

நெய்வேலியிலிருந்து கிளம்புகிறவருக்கு இந்த நெருக்கடி தேவையே இல்லை. காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் சென்று சேரக்கூடிய தொலைவில் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் துண்டு துண்டாக நிற்கின்றன. கல்வராயன், சேர்வராயன், இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொல்லிமலை, வடக்கே ஜவ்வாது, நடுவில் செஞ்சிக் குன்றுகள், திருவண்ணாமலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவம் தெரிந்து போகிறவருக்கு மலை தன்னை முழுதாகக் காட்டுகிறது.

இன்னொரு வசதியும் இந்த ஊருக்கு இருக்கிறது. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வீக்லி ஆஃப் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும் என்று கிடையாது. செவ்வாயோ புதனோ வரும். உறவினர் கல்யாணத்துக்கு அது இடைஞ்சல். மலைக்குப் போக அதைவிட நல்ல நாள் இல்லை. ஏற்காடு ஏரியில் ஞாயிறன்று படகுக்கு வரிசையில் நிற்பதும், புதன்கிழமை காலை வெறும் பனியோடு ஏரியைப் பார்ப்பதும் ஒன்றாகுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது எப்போதும் கைகூடாது என்பது உண்மைதான். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட வீடுகள் இப்போது டவுன்ஷிப்பில் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கு இது சாலப் பொருந்தும்.

மலை ஏன் குளிர்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டே வண்டி ஏறலாம். ஆயிரம் மீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைந்து, காற்று விரிந்து, விரிவதாலேயே குளிர்கிறது. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500. சேலத்தில் 38 டிகிரி கொளுத்தும்போது ஏற்காட்டில் 30-க்கு இறங்கியிருக்கும். இருபது கொண்டைஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது உடம்பிலேயே தெரியும். முதல் ஐந்தாறு வளைவு வரை காற்று சூடாகவே முகத்தில் அடிக்கும். பிறகு ஒரு திருப்பத்தில், மரநிழல் சேரும் இடத்தில், யாரோ கதவைத் திறந்துவிட்டது மாதிரி ஒரு குளிர் வரும். அதுவரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் அதை மடித்துச் சட்டைப்பையில் வைப்பார்கள்.

மலை பார்க்கிறவருக்கு ஆண்டுக் கணக்கை மார்கழியில் தொடங்குவதுதான் சரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண் ஈரமாக இருந்து, வெயில் இளசாக அடிக்கும் நாள்கள் அவை. செஞ்சிக் கோட்டை ஏற இதைவிட நல்ல காலம் வராது. கிருஷ்ணகிரி, ராஜகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை அது. 1677-ல் சத்ரபதி சிவாஜியின் கைக்கு வந்தது. அவர் மகன் ராஜாராம் முகலாயப் படையிடமிருந்து தப்பிவந்து இங்கே இருந்துகொண்டுதான் பல ஆண்டு முற்றுகையைத் தாங்கினார். 1698-ல் கோட்டை விழுந்தது. 1714-ல் செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கு மடிந்த கதை தென்னார்க்காட்டுத் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் இன்னும் உயிரோடிருக்கிறது. 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தளங்கள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் படிகள் செங்குத்து; பாறை மொட்டை. சித்திரையில் போனால் பத்து மணிக்கே கல் சுட ஆரம்பித்துக் கைப்பிடிச் சுவரைத் தொட முடியாது. தை மாதத்துக் காலையில் அதே கல் சில்லென்றிருக்கும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஆழமான பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான். அந்த இடத்தில் நின்று கீழே கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் ஏரியையும் பார்க்கும்போது, இந்த மண்ணில் மலை என்பது அரசாங்கம் நடத்திய இடம் என்பது புரியும். குரங்குகள் ஏராளம். கையில் தின்பண்டப் பை வேண்டாம். தண்ணீரை முதுகுப்பைக்குள் வைத்துக்கொள்வது உத்தமம்.

இதே மாதங்களில் ஏற்காட்டில் காப்பி அறுப்பு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இருநூறு ஆண்டாகியும் மலையின் வரவு செலவு பெரும்பாலும் காப்பியையும் மிளகையும் நம்பித்தான் ஓடுகிறது. வருகிறவர்கள் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று மூன்றையும் சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தோட்டத்து வழியே ஒரு மைல் நடந்தால்தான் ஏற்காடு தெரியும். சில்வர் ஓக் மரங்களின் மேல் மிளகுக்கொடி. அதன் நிழலில் இடுப்பளவு, தோளளவுக் காப்பிச்செடி. கொத்தாகச் சிவந்த பழத்தில் ஒன்றை, தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, விரலால் அழுத்தினால் தோல் பிதுங்கி இரண்டு கொட்டைகள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மேலே ஒட்டியிருக்கும் கோந்து இனிக்கும். காப்பிப் பழம் இனிக்கும் என்பதே, தினம் இரண்டு வேளை டிகிரி காப்பி குடிக்கும் பலருக்குத் தெரியாது. அந்தக் கோந்தைக் கழுவி, களத்தில் காயவைத்து, மேல்தோல் நீக்கி, வறுத்து, அரைத்த பிறகே நம் வீட்டு ஃபில்டருக்கு வருகிறது.

ஏற்காட்டில் இன்னொரு இடத்துக்கும் போய்வரலாம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளரின் நினைவுக்கல் இருக்கும் ஹோலி டிரினிட்டி தேவாலயம். 1863-ல் பல்லாவரத்தில் அவர் கையில் எடுத்த ஒரு கல், இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி. ஓய்வுக்காலத்தை இந்த மலையில் கழித்தவர், 1912-ல் இறந்தார். பாறையையும் மண்ணையும் நம்பிப் பிழைக்கும் நெய்வேலிக்காரர் அந்தக் கல்லின் முன் ஒரு நிமிஷம் நிற்பது பொருத்தமாக இருக்கும்.

மாசி, பங்குனியில் வானம் வழித்துவிட்டதுபோலச் சுத்தமாக இருக்கும். ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போகும் காலம் அது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு கூடிய தொலைநோக்கியை 1986 ஜனவரியில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். இந்தியாவிலேயே உருவாக்கிய கருவி அது. 1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று கணிதமேதையின் பெயரை வைத்தார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், பன்னிரண்டரை டிகிரி வடக்கே இருப்பதால், வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கே தெரியும். பொதுமக்களைச் சனிக்கிழமை அனுமதிப்பது வழக்கம். புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

நெய்வேலியில் வளர்ந்த பிள்ளைக்கு இரவு என்றால் ஆரஞ்சு நிறம். சுரங்க விளக்கு, அனல்மின் நிலைய விளக்கு, தெருவிளக்கு எல்லாம் சேர்ந்து வானத்தின் அடிப்பகுதியை விடிய விடிய வெளுக்க வைத்திருக்கும். அந்தப் பிள்ளையை ஜவ்வாது மலையின் இருட்டில் ஐந்து நிமிஷம் பேசாமல் நிறுத்திவைத்தால் போதும். முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பழக, இருந்த நட்சத்திரங்களுக்கு இடையிலெல்லாம் புதிது புதிதாக முளைக்கும். தெற்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம் நிற்கும். கைப்பேசி வெளிச்சத்தை மட்டும் யாரும் போட்டுவிடக் கூடாது. போட்டால் கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

ஆனால் இதே மாசி, பங்குனி காட்டுக்குள் நடக்கும் காலம் அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். இளைஞர்கள், வேலைக்குப் போகும் பெண்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். காய்ந்த போதைப்புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓடிவிட முடியாது. அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தமிழ்நாடு அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்தால், மலையில் பிறந்து வளர்ந்தவர்களே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள். அவர்களுக்கு அது சம்பளம். வருகிறவருக்கு அது உயிர்க்காவல். ஏலகிரியின் உச்சியான சுவாமிமலை இந்தப் பக்கத்தார் எளிதாகத் தொடங்கக்கூடிய ஏற்றம். தீப்பருவத்தில் வனத்துறை பாதைகளை மூடும்போது, தெரிந்தவரைப் பிடித்து உள்ளே போகப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குரங்கணியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளை நினைத்தாவது அதை விட்டுவிட வேண்டும்.

சித்திரையில் வெயிலோடு மல்லுக்கட்டாமல் இரவில் நடக்கத் திருவண்ணாமலை இருக்கிறது. பௌர்ணமிக்கு நெய்வேலியிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிரிவலத்துக்குப் போவது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. 14 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் நாலு மணி நேரம். சித்ரா பௌர்ணமிக் கூட்டம் ஒத்துவராதவர்கள் மற்ற நாள்களில் விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கி வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். சாமி கும்பிடுவதற்காக நடந்தாலும், சர்க்கரைக்கு டாக்டர் சொன்னதற்காக நடந்தாலும் மலை ஒரே மாதிரிதான் கூடவே வருகிறது.

கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒரே வாரத்தில் வெள்ளையாகிவிடும். பூ மழை என்று தோட்டத்தில் சொல்வார்கள். மல்லிகை மாதிரி வாசம். சில நாள்தான் நிற்கும். அது எந்த வாரம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்பலாம்.

ஆடி பிறந்தால் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே எழுபது கொண்டைஊசி வளைவு. தலைசுற்றல் உள்ளவர்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்வது வழக்கம். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி நடப்பதும் அதனால்தான். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கை அருவி, ஏறக்குறைய 300 அடி. அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். ஏறும்போது பேச்சு நின்றுவிடும். முட்டிவலி உள்ள பெரியவர்களை மேலேயே கோயில் நிழலில் உட்கார வைத்துவிட்டுப் போவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. திரும்பும் வழியில் சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசியும் பலாவும் மிளகும் கிடைக்கும். பண்ருட்டிப் பலா தின்று வளர்ந்த நாக்குக்குக் கொல்லிமலைப் பலா வேறு ருசி. எது உசத்தி என்ற வழக்கு இரண்டு பக்கமும் தீராது.

இந்த மலைகளில் பூர்வீகமாக வாழ்பவர்களை மலையாளிகள் என்கிறோம். கேரளத்தோடு சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனதாக அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. ஏரிக்கரையில் படகோட்டி, பாப்கார்ன் வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு இவர்கள் இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது.

அவர்களைத் தெரிந்துகொள்ளப் பொருத்தமான இடம் நெய்வேலிக்கு மிகப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆவணி, புரட்டாசியில் கல்வராயன்.

விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் என்று போனால் கோமுகி அணை. அங்கிருந்து ரோடு மேலே ஏறுகிறது. வழியிலேயே பெரியார் அருவி, ரோட்டில் இறங்கி நடந்தே போகலாம். வெள்ளிமலைதான் மேலே பெரிய ஊர். கரியாலூரில் படகு விடும் ஏரியும் பூங்காவும் உண்டு. மேகம் அருவிக்குக் கரடுமுரடான பாதையில் நடந்தாக வேண்டும். உள்ளூர் ஆள் துணையில்லாமல் போகக் கூடாது. பெரிய கல்வராயன் 4,000 அடி வரை உயரும். சின்னக் கல்வராயன் 2,700 அடி. ஊட்டி மாதிரி ஸ்வெட்டர் குளிர் கிடையாது. ஒரு போர்வைக் குளிர். பங்களாக்களும் ரோஜாத் தோட்டமும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். சாமைக் கொல்லையும் மரவள்ளியும் கடுக்காய் மரமும் புளியமரமும், ஓடு வேய்ந்த வீட்டு வாசலில் காயும் கேழ்வரகும் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய இடம்.

சேலம் பக்கம் கருமந்துறையில் ரோட்டோரமாகச் சீத்தாப்பழக் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். வண்டியை விட்டு இறங்கியவர் பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்து, “அக்கா, இது நாளைக்குப் பழுக்குமா?” என்றால், “அதை அமுக்காத கண்ணு, கண்ணு விரிஞ்சிருக்கா பாரு, வெள்ளைக் கோடு தெரியுதுல்ல, அதுதான் பழுக்கும். இது ராத்திரியே தின்னுடலாம், அது நாளன்னிக்கு” என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தருவார். ஊருக்கு எத்தனை மணி நேரம், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு பழம் பொறுக்கும் வியாபாரம் கீழே எந்தக் கடையிலும் கிடையாது. அவரிடம் பேரம் பேசிப் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்காமல் வருவது நியாயம்.

ஏனென்றால் இந்த மலைக்கு நிறைய பாக்கி இருக்கிறது. நாடு விடுதலை அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டு வரை கல்வராயன் மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது; 1976-ல்தான் அரசு எடுத்துக்கொண்டது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பிந்தித்தான் ஏறிவந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணை எடுத்தது. சுற்றுலா இந்தக் குறையெல்லாம் தீர்க்கும் என்று சொல்வது அளவுக்கு மீறிய பேச்சு. ஆனால் மலையில் விளைந்த சாமையை, தேனை, புளியை மலையிலேயே வாங்குகிறவர், மலை வீட்டில் சமைத்த சோற்றுக்குக் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர், கீழே ஹோட்டலில் கட்டிய பார்சலைக் கொண்டுவந்து தின்று இலையையும் பையையும் எறிந்துவிட்டுப் போகிறவரைவிட மலைக்கு வேண்டியவர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அருவிப் பாறை இடுக்கில் அந்தத் தடையை யார் காப்பது? வெறுங்காலோடு விறகு எடுக்கப் போகும் மலைப் பெண்ணின் பாதத்தைப் பதம் பார்ப்பது, சமவெளியிலிருந்து போனவர் உடைத்துப் போட்ட பாட்டில்தான். இதைப் படிக்கிறவர்கள் தங்கள் வண்டியில் ஒரு காலிச் சாக்குப்பையைப் போட்டுக்கொண்டு போனால், குறைந்தபட்சம் தங்கள் குப்பை தங்களோடு திரும்பி வரும்.

அருவிக்குளியலுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கும். இரண்டு மலை தள்ளி மழை கொட்டிக்கொண்டிருக்கும். தெளிந்து விழுந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் வர ஆரம்பித்தால், சோப்பையும் துண்டையும் விட்டுவிட்டுக் கரையேற வேண்டும். உள்ளூர்க்காரர் “ஏறுங்க” என்று கத்தினால் ஏன் என்று கேட்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் மலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலையில் தீபமலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் உருண்டு வீட்டின் மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. வெயிலில் விரிந்து விரிந்து பிளந்த பாறைக்குள் தண்ணீர் இறங்கி, மண் சேறாகி, எடை தாங்காமல் சரிவு நழுவும். மேலே உட்கார்ந்திருக்கும் உருண்டைப் பாறை நூறு வருஷம் அசையாமல் இருந்தது என்பதற்காக நூற்றியோராவது வருஷமும் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் ரூம் புக்கிங் பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் புத்தி.

அந்த மாதங்களில் மலை தானாகவே கீழே வருகிறது. கல்வராயனில் பெய்த மழை கோமுகி அணையில் சேரும். 46 அடி நிறைந்தால் மதகு திறப்பார்கள். மணிமுக்தா அணையின் தண்ணீரும் சேர்ந்துகொண்டு, வயல்களுக்குப் பிரிந்தது போக மிச்சம் விருத்தாசலத்துக்கு வந்துசேரும். ஆண்டில் பெரும்பாதி வெறும் மணலாகவும் முள்ளுச்செடியாகவும் கிடந்த மணிமுத்தாற்றில் அன்றைக்கு நுங்கும் நுரையுமாகச் செந்நிறத் தண்ணீர் போகும். பழமலைநாதர் கோயிலுக்கு வந்தவர்களும் கடைத்தெருவுக்கு வந்தவர்களும் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மூங்கில் கழி ஒன்று மிதந்து வரும். பின்னாலேயே வேரோடு ஒரு புதர். வேலை முடிந்து நெய்வேலி பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவர் கையில் குடையோடு அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறார். பஸ் வருகிறது, போகிறது. அவர் இன்னும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.